பதினெட்டு பெர்த்தும் ஒரு பூட்டும்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டை நர்ஸ் வாங்கச் சொன்னதே என் வீட்டுக்காரர் குடிப்பதை எழுதிவைக்கத்தான். இதயம் வீங்கியிருக்கிறதாம், நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம், அதனால் எதையும் அளந்துதான் குடிக்க வேண்டுமாம். காலையில் அரை டம்ளர் காபி. பிறகு ஒரு டம்ளர் கஞ்சி. மதியம் கொஞ்சம் ரசஞ்சோறு. எழுதியாயிற்று. கால் பக்கம்கூட வரவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அரிசிக்கும் பருப்புக்கும் கணக்கு எழுதியே காலம் கழித்தவள் நான். வெற்றுப் பக்கத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மீதியில் என் வயிற்றெரிச்சலை எழுதிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே, பழைய ரயில்வே ஸ்டேஷன் இருந்த இடத்தில், ஒரு மீட்டர்கேஜ் பெட்டி நிற்கிறது. அந்தக் காலத்து முதல் வகுப்புத் தூங்கும் பெட்டி. அகலப் பாதை வந்து ஸ்டேஷன் ஊருக்கு வெளியே போய்விட்டது. தண்டவாளத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் இதன் அடியில் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள். மேலே தகரக் கூரை, சுற்றிலும் சங்கிலி, தேக்கு ஜன்னலுக்கு வார்னிஷ், பித்தளைக் கைப்பிடிக்குப் பாலிஷ். உள்ளே பதினெட்டு பெர்த். அத்தனையிலும் பச்சை ரெக்சின் மெத்தை. கதவில் ஒரு பூட்டு, என் கை அகலத்துக்கு.

சங்கிலிக்கு இந்தப் பக்கம், நடைபாதையில் அட்டையை விரித்து நாங்கள் படுத்துக்கொள்கிறோம். வார்டில் துணைக்கு ஓர் ஆள் ஸ்டூலில் உட்காரலாம், படுக்கக் கூடாது. பெண்கள் தங்கும் கூடத்தை ஸ்கேன் எடுக்கும் இடமாக்கிவிட்டார்கள். கொசுவும் சாக்கடை நாற்றமும் எங்களுக்கு, பஞ்சு மெத்தை எலிக்கு. நன்றாக இருக்கிறது நியாயம்!

ஜூன் 11, புதன்

காபி அரை டம்ளர். கஞ்சி முக்கால். இரண்டு இட்லி வாங்கினேன், ஒன்றுதான் இறங்கியது. ஆஸ்பத்திரி கேண்டீன் இட்லி அப்படி. என் கை இட்லியாக இருந்தால் நாலு சாப்பிட்டிருப்பார்.

என் அட்டைக்குப் பக்கத்து அட்டை ஜெபமணி அக்கா. நாசரேத்துப் பக்கம். மகன் பனையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடக்கிறான். அக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல், முட்டிவலி வேறு. தரையிலிருந்து எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். இன்று அவள் ரயில்பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "கல்யாணம் ஆன புதுசுல இதே மாதிரி ஒண்ணுல எட்டிப் பாத்தேன் வடிவு. பெரிய ஆபீசருமாரு போவாவ. இப்பமும் எட்டித்தான் பாக்கேன்."

பெட்டியின் மேல் பலகை தொங்குகிறது. தொடாதீர்கள். ஏறாதீர்கள். சாயாதீர்கள். சாயக்கூடக் கூடாதாம்!

ஜூன் 14, சனி

பூட்டுக்குச் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டேன். பெயர் சிவசைலம், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 'மீட்டர்கேஜ் பெட்டிப் பாதுகாப்புக் குழு'வின் செயலாளர். சனிக்கிழமைதோறும் வந்து வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் துடைக்கிறார். கைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அப்படி ஒரு பதவிசு. நேரே போய்க் கேட்டேன்.

"சார், இதுல யாரு படுப்பா?"

"யாரும் படுக்க மாட்டாவம்மா. இது பாரம்பரியச் சின்னம். நாட்டுலயே இந்த மாதிரிப் பெட்டி கொஞ்சந்தான் மிஞ்சியிருக்கு."

"நாங்களுந்தான் கொஞ்சம் பேரு மிஞ்சியிருக்கோம், இந்த நடைபாதையில. படுக்க எடமில்ல."

"அதுக்கு ஆஸ்பத்திரிக்காரவியளக் கேளுங்க."

"கேட்டாச்சு. உங்கள மாதிரியே அவியளும் அடுத்த வாசலக் காட்டுதாவ."

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. பழைய இரும்புக்கு உடைக்க வாங்கியவனிடமிருந்து இதை மீட்டதிலிருந்து, மர வேலைக்கு ஆள் தேடி அலைந்ததுவரை மூச்சுவிடாமல் சொன்னார். தலையெண்ணெய் பட்டால் ரெக்சின் போச்சாம், வெற்றிலைக் கறை பட்டால் தேக்கு போச்சாம். ஆட்கள் புழங்கினால் ஆறே மாதத்தில் பாழாம். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து எலி ஒன்று குதித்து ஓடியது. அதற்கு மட்டும் தலையில் எண்ணெய் இல்லை போலிருக்கிறது. அதை அப்படியே கேட்டும்விட்டேன். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த ஜன்னலைத் துடைக்கப் போய்விட்டார்.

வார்டில் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். சிரித்தால் இருமல் வருகிறது. சிரிக்க வைக்கக் கூடாது என்று நர்ஸ் என்னைத் திட்டினாள்.

ஜூன் 15, ஞாயிறு

கஞ்சி முக்கால் டம்ளர். நன்றாக இருக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் பெரிய டாக்டர் வந்தார். அவரைப் பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்கம்மா, பேசணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன பாவாடை கட்டிய பிள்ளையா? ஐம்பத்திநாலு வயதாகிறது. எதுவாக இருந்தாலும் என்னிடமே சொல்லுங்கள் என்றேன். சொன்னார். இங்கிலீஷும் தமிழும் கலந்து ஏதேதோ சொன்னார். டாக்டர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள்.

கொழுந்தன் கோமதிநாயகத்துக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் மைனி என்றான்.

நேற்று மழை. நடைபாதையில் எல்லாம் நனைந்துவிட்டது. ஜெபமணி அக்காவும் நானும் ரயில்பெட்டியின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். வாட்ச்மேன் வந்து விரட்டினான். நனையாமல் நிற்க அந்தப் பெட்டிக்கு இருக்கும் உரிமை மனுஷிக்கு இல்லை. மரம் நனைந்தால் உப்பிவிடுமாம். ஜெபமணி அக்கா முட்டி உப்பிக் கிடக்கிறது, அதை எந்தக் குழு வந்து பார்க்கும்?

ஜூன் 22, ஞாயிறு

கோமதிநாயகம் வரவில்லை. அவன் பெண்டாட்டி ஊருக்குப் போயிருக்கிறாளாம், கடையில் ஆள் இல்லையாம்.

ஜூன் 26, வியாழன்

கஞ்சி அரை டம்ளர். அளவாகக் குடிப்பது நல்லதுதானே.

பெட்டிக்குத் திறப்பு விழாவாம், ஞாயிற்றுக்கிழமை. பந்தல் போடுகிறார்கள். திறப்பாம்! திறந்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி பூட்டுவதற்கு ஒரு விழா. எங்களை அன்றைக்கு ஒரு நாள் நடைபாதையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். விருந்தாளி முன்னால் அசிங்கமாக இருக்குமாம். படுக்க இடமில்லாதது அசிங்கமில்லை, அதைப் பார்ப்பதுதான் அசிங்கம்!

ஜூன் 29, ஞாயிறு

இன்று நடந்ததைப் பொறுமையாக எழுத வேண்டும்.

விடிந்ததும் வார்னிஷ் வாடை போக ஜன்னலையெல்லாம் தூக்கிவிட்டிருந்தார்கள். நான் வார்டில் அவருக்கு முகம் துடைத்துவிட்டு, துடைத்த துண்டோடு வெளியே வந்தேன். கையில் துண்டு, எதிரே திறந்த ரயில் ஜன்னல். எத்தனை வருஷத்துப் பழக்கம்! ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சங்கிலியைத் தாண்டிப் போய், ஜன்னல் வழியாக உள்ளே வீசினேன். லோயர் பெர்த்தில் விழுந்தது.

ஜெபமணி அக்கா வாயில் கைவைத்துக்கொண்டாள். பிறகு அவளும் தன் துண்டை உருவினாள். அவ்வளவுதான். நடைபாதையில் இருந்த அத்தனை பெண்களும் ஓடி வந்தார்கள். துண்டு இல்லாதவள் முந்தானைத் துணியைக் கிழிக்கப் போனாள், நான்தான் தடுத்து என் ரவிக்கைத் துணி ஒன்றைக் கொடுத்தேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வருவதற்குள் பதினெட்டு பெர்த்திலும் துண்டு விழுந்துவிட்டது. அப்பர் பெர்த்துக்கு எறிவதுதான் கஷ்டம். ஒருத்தி சுருட்டி எறிந்து ஃபேன் மேல் தொங்கவிட்டாள்.

சிவசைலம் பட்டுச் சட்டையும் கையுறையுமாக வந்தார். ஏறினார். இறங்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரும்மா இந்த வேலையப் பாத்தது?"

"எத சார்?"

"எல்லா பெர்த்லயும் துண்டு கெடக்கு!"

"அப்ப ஆள் வருதுன்னு அர்த்தம்."

"வெளையாடாதிய. விருந்தாளி இப்ப வந்துருவாவ. எடுங்க."

"நாங்க எப்படி சார் எடுக்க? ஏறாதீர்கள்னு பலகை போட்டிருக்கிய. நீங்களே எடுங்க."

மறுபடி ஏறினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் பெர்த்தில் ஜெபமணி அக்காவின் கட்டம் போட்ட துண்டு. கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. காலேஜுக்குப் போகும்போது பாசஞ்சர் வண்டியில் ஏறி இறங்கிய மனிதர்தானே அவரும்? அடுத்தவர் துண்டை எடுத்து எறிந்துவிட்டு உட்கார்ந்தவன் நம் ஊரில் உண்டா? வண்டியே காலியாகக் கிடந்தாலும், துண்டு கிடக்கிற இடத்தில் 'ஆள் வருதா?' என்று கேட்டுவிட்டுத்தானே நிற்போம்? கையை இழுத்துக்கொண்டார். அடுத்த அறைக்குப் போனார். அங்கேயும் அதே கதை. கையுறையைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

விருந்தாளி வந்தார். ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல வயசாளி, கைத்தடி ஊன்றி ஏறினார். போட்டோ பிடிக்க உட்காரச் சொன்னார்கள். அவர் துண்டைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார்.

"எல்லாம் ஆள் வருதா?" என்று கேட்டார்.

"வருது ஐயா!" என்று வெளியே இருந்து கத்தினேன்.

கடைசிவரைக்கும் அந்த மனிதர் உட்காரவில்லை. நின்றுகொண்டே பார்த்துவிட்டு இறங்கி வந்து, எங்களை யார் என்று விசாரித்தார். ஜெபமணி அக்காதான் அழுதுகொண்டே சொன்னாள். கேட்டுவிட்டு, "எடம் போட்டாச்சு. ஏத்திவிடும் வே சிவசைலம்" என்றார். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். சிவசைலம் மட்டும் தட்டவில்லை.

சாயங்காலம் குழு கூடி முடிவு சொன்னது. பெண்கள் மட்டும். பகலில் மட்டும். உள்ளே சாப்பிடக் கூடாது, தலைமாட்டில் துணி விரித்துக்கொள்ள வேண்டும். பகலில் மட்டும் என்பது எந்த ஊர் நியாயம்? ராத்திரிக்கு மறுபடி நடைபாதை. இருந்தாலும், கிடைத்த மட்டும் லாபம் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியதை அவரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

உள்ளே போன முதல் நாளே லோயர் பெர்த்துக்குச் சண்டை. முட்டிவலிக்காரிகளுக்குக் கீழே, குமரிகளுக்கு மேலே என்று நான்தான் தீர்த்துவைத்தேன். ஓடாத வண்டியில் ஒருத்தி பைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுகிறாள். ஒருத்தி எதிர் பெர்த்துக்காரியிடம் எங்கே இறங்கணும் என்று கேட்டாளாம். சிவசைலம் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, தன் வீட்டிலிருந்து பழைய வெள்ளை வேட்டிகளைக் கொண்டுவந்து தலைமாட்டுக்குக் கிழித்துப் போட்டார். எலி நடமாட்டம் இல்லை என்று வாட்ச்மேனிடம் சொன்னதாகக் கேள்வி. என்னிடம் சொல்லவில்லை.

நான் இன்னும் படுக்கவில்லை. வேலை இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

கஞ்சி ஆறு ஸ்பூன்.

கோமதிநாயகம் வந்தான். ஆப்பிள் வாங்கி வந்தான். அவரால் மெல்ல முடியாது என்று தெரியாதா? ஸ்டூலில்கூட உட்காரவில்லை, பஸ்ஸைப் பிடிக்கணும் என்று ஓடினான். டாக்டர் அவனிடம் தனியாகப் பேசினார். வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். எதற்கு இந்த நாடகம்? மருந்து மாற்றியிருக்கிறார்கள், சரியாகிவிடும்.

ஜூலை 7, திங்கள்

அவர் இன்று நன்றாகப் பேசினார்.

"ஏட்டி வடிவு, அத்தன பேருக்கும் எடம் வாங்கிக் குடுத்துட்டு, நீ ஏன் ஸ்டூல்ல குத்தவச்சிருக்க?"

"எனக்குத் தூக்கம் வரல."

"பொய் சொல்லாத. உக்காந்த வாக்குல கொறட்டை விடுத. நர்ஸ் புள்ள சிரிக்கி."

நான் குறட்டை விடுவேனாம்! முப்பது வருஷமாக இவர் குறட்டையில் நான் தூங்காமல் கிடந்தது யாருக்குத் தெரியும்? சண்டை போட்டேன். சிரித்தார். இருமல் வந்தது. இந்தத் தடவை நர்ஸ் திட்டவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

மதியம் போய்ப் படுக்கப் போகிறேன். அவரேதான் விரட்டுகிறார். கண் சிவந்து கிடக்கிறதாம், பார்க்கச் சகிக்கவில்லையாம். கஞ்சி இப்போது வேண்டாம் என்கிறார், வந்து கொடுத்துக்கொள்ளலாம். ஏதாவது என்றால் வந்து எழுப்பச் சொல்லி வார்டு ஆயா இசக்கியம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். எதிர் வாசல்தானே.

ஜூலை 10, வியாழன்

காபி: இல்லை. கஞ்சி: இல்லை. தண்ணீர்: இல்லை.

ஜூலை 17, வியாழன்

வீடு முழுக்க ஆட்கள். அடுப்பங்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் இசக்கியம்மா வந்து காலைத் தொட்டு எழுப்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓடினேன். வெள்ளைத் துணியால் மூடிவிட்டிருந்தார்கள். இசக்கியம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஏன்டி எழுப்பவில்லை, உன்னிடம் சொன்னேனே என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "மூச்சு முட்டுதுன்ன ஒடனே கெளம்புனேன் அக்கா. அவியதான் கையப் புடிச்சு நிறுத்துனாவ. 'எழுப்பாத, இப்பதான் படுத்துருக்கா'ன்னாவ. ரெண்டு தடவ சொன்னாவ. பெறகு டாக்டர் வந்து, அந்த வேல இந்த வேலன்னு..."

பாடையைத் தூக்குமுன்னே கோமதிநாயகம் ஆரம்பித்துவிட்டான். "எங்கண்ணன் உயிரு போகும்போது மைனி சொகமாத் தூங்கிட்டு இருந்துருக்காவ." தெருவே கேட்டது. அதற்கப்புறம் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கொஞ்சம் முழிச்சிருந்திருக்கலாம்" என்கிறாள். வாய் திறந்தவளெல்லாம் இதே பேச்சு. முழித்திருந்த ராத்திரிகளுக்கு ஒருத்தியும் கணக்குக் கேட்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. ஜெபமணி அக்கா போன் செய்தாள். பெட்டியைப் பூட்டிவிட்டார்களாம். கோமதிநாயகம் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான், இந்தப் பெட்டியால்தான் என் அண்ணனுக்குக் கடைசி நேரத்தில் துணை இல்லாமல் போயிற்று என்று. குழு பயந்துவிட்டது. வியாழக்கிழமை கூடிப் பேசி நிரந்தரமாகப் பூட்டப் போகிறார்களாம்.

"நாங்க திரும்ப நடைபாதைக்கு வந்துட்டோம் வடிவு. ஒன்னயக் குத்தம் சொல்லல. தெரியணும்லா, அதான் சொன்னேன்."

என் வீட்டுச் சாவை எடுத்துப் பதினெட்டு பெண்களின் தலையில் போட்டிருக்கிறான். இருக்கட்டும்.

ஜூலை 31, வியாழன்

போனேன். நாற்பது நாள் கழியாமல் வாசல் தாண்டக் கூடாது என்று நாத்தனார் குறுக்கே நின்றாள். தள்ளிவிட்டுப் போனேன்.

பெட்டிக்கு முன்னால் பந்தல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோமதிநாயகமும் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"மைனி, நீங்க ஏன் வந்திய?"

"எம் புருசனப் பத்திப் பேச்சுன்னாவ. அதான் வந்தேன்."

சிவசைலம் நாற்காலி காட்டினார். நான் உட்காரவில்லை. அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"குழுவுல பயப்படுதாவம்மா. நாளைக்கு இன்னொரு வீட்ல இப்படி நடந்தா யாரு பதில் சொல்ல? உள்ள படுத்தா எல்லாரும் அசந்து தூங்கிருதாவ."

"அசந்து தூங்கத்தான சார் அதுல மெத்தை போட்டுருக்கு? எழுப்புததுக்கு ஒரு வழி பண்ணுங்க. எந்த பெர்த்துல எவ படுத்துருக்கான்னு வார்டுல எழுதிப் போடுங்க, ஓடியாந்து எழுப்ப ஓர் ஆளு வைங்க. தூங்கவே விடாம இருக்க வழி பண்ணாதிய."

கோமதிநாயகம் குரலை உயர்த்தினான். "எங்கண்ணன் போகும்போது பக்கத்துல ஓர் ஆள் இல்ல. அந்தக் கோவம் எனக்கு இருக்காதா?"

"அந்த ஆளு நீயா இருந்துருக்கலாமே கோமதி. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, அந்த ஸ்டூல்ல நீ உக்காந்தியா?"

அவன் தரையைப் பார்த்தான். சிவசைலம்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதிய. உங்களுக்கே அந்த வருத்தம் இருக்கும்லா?"

"இருக்கு சார். நான் சாகுத வரைக்கும் இருக்கும். அது எனக்கும் எம் புருசனுக்கும் உள்ளது. அத எடுத்து உங்க கதவப் பூட்டாதிய." அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? "அன்னைக்கு நல்லாத் தூங்குனேன் சார். அஞ்சு வாரத்துல அன்னைக்குத்தான் காலை நீட்டித் தூங்குனேன். கனவுகூட வரல. எல்லாரும் கேட்டுக்கோங்க, நல்லாத் தூங்குனேன்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் போனதிலிருந்து ஊர் முன்னால் ஒரு சொட்டு விட்டதில்லை, அந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்று ஓவென்று அழுதேன். ஜெபமணி அக்கா பிடித்துக்கொண்டாள். கோமதிநாயகம் தன் மனுவைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். சிவசைலம் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். ராத்திரிக்கும் திறப்பீர்களா என்று கேட்டேன். முறைத்தார். பிறகு, அடுத்த வாரம் குழுவில் வைக்கிறேன் என்றார். வைக்காவிட்டால் மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்போது வீட்டில் யாரும் இல்லை. இனி உங்களிடம்தான் பேச வேண்டும். எழுப்ப வந்தவள் கையைப் பிடித்து நிறுத்த உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? முப்பது வருஷமாக எந்தச் சட்டை போடலாம் என்பதுகூட என்னைக் கேட்டுத்தானே செய்தீர்கள்? நீங்களாக முடிவெடுத்தது ஒரே ஒரு காரியம், அதுவும் இதுவா? எனக்குக் கோபம் ஆறவில்லை. நீங்கள் இருந்தால் இன்றைக்கு வீட்டில் இருக்கிற பாத்திரம் எல்லாம் உருண்டிருக்கும். உங்கள் கையைக் கடைசியாக ஒரு தடவை பிடித்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்காதா?

ஆனால் தூங்கியதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். உங்களிடமும்தான்.